விடலைப் பருவமும் வீட்டாரின் கடமையும்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளில் பூ விட்ட நாள் முதல் கனி பறிக்கும் நாள் வரையில் தோட்டக்காரன் கண் துஞ்சுவதில்லை. பிஞ்சு எது, காய் எது, முற்றிய காய் எது என்பதை அவன் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவான். பிஞ்சைப் பறித்துப் புகை மூட்டம் போட்டால் தோல் நிறம் மாறலாமே ஒழிய, அது பழமாகாது என்பதும் அவனுக்குத் தெரியும். மாங்காய் விஷயத்தில் இவ்வளவு விவேகம் காட்டும் நம்மவர்கள், வீட்டில் வளரும் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏனோ பொறுமை இழந்து விடுகிறார்கள். நேற்றுவரை குழந்தையென்று கொஞ்சியவளை, இன்று பெரியவள் என்று மூலையில் உட்கார வைக்கிறார்கள். மீசை அரும்பிய பையனை ஒரு சமயம் "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்று அதட்டுகிறார்கள், மறு சமயம் "பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கென்ன வேலை?" என்று விரட்டுகிறார்கள். தான் எந்தக் கட்சியைச் சேர்ந்தவன் என்று அறியாமல் அந்தப் பிள்ளை திகைக்கிறான்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிட நுட்பமாகவே பார்த்திருக்கிறார்கள். பெண்ணின் பிராயத்தைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு படிகளாக வகுத்தார்கள். அவற்றுள் பெதும்பை, மங்கை, மடந்தை என்னும் மூன்று படிகளும் ஏறக்குறைய எட்டு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரையில் அடங்குகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் 10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தையே வளரிளம் பருவம் என்று குறிப்பிடுகிறார்கள். மூன்று படிகளாக ஏற வேண்டிய உயரத்தை ஒரே நாள் மஞ்சள் நீராட்டில் தாண்டிவிட்டதாக எண்ணுவதுதான் நம் காலத்துப் பிழை.

உடலில் நிகழும் மாறுதல்

மூளையின் அடிப்புறத்தில் பயறளவே உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒன்று இருக்கிறது. மூளையிலிருந்து ஆணை பிறந்ததும், இச்சுரப்பி தன் ரசங்களை ரத்தத்தில் கலந்து, பெண்ணின் சூலகத்தையும் ஆணின் விரைகளையும் தட்டி எழுப்புகிறது. பெண் குழந்தைகளிடம் இந்த மாறுதல் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் குழந்தைகளிடம் 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. ஆகையால் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சியில் அமர்ந்துள்ள இருவரில் ஒருத்தி உயர்ந்து நிற்பதும் மற்றவள் சிறுமியாகவே இருப்பதும் நோயன்று. பெண்கள் சுமார் பன்னிரண்டாவது வயதிலும், ஆண்கள் சுமார் பதினான்காவது வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 8 அல்லது 9 சென்டிமீட்டர் வளர்வதுண்டு. ஏழாம் வகுப்பில் பெண்கள் பையன்களைவிட உயரமாக இருப்பதையும், பத்தாம் வகுப்பில் அக்கணக்கு மாறிவிடுவதையும் பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் நாம் காண்கிறோம்.

இங்கே தாய்மார்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பெண் பூப்படைவது இம்மாறுதலின் முடிவன்று. நடுவழியில் வரும் ஓர் அடையாளமே. அதன் பிறகும் ஓரிரண்டு ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்கின்றி வருவது சகஜம். இடுப்பெலும்பு அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் விரிந்து வளர்கிறது. "வயதுக்கு வந்துவிட்டாள்" என்று ஊர் சொல்லும் நாளில், தாய்மையைத் தாங்கும் உடல் இன்னும் தயாராகவில்லை. இருபது வயதுக்குட்பட்ட தாய்மார்களுக்குப் பிரசவ காலத்து வலிப்பும், பிரசவத்துக்குப் பின் கருப்பைத் தொற்றும் வரும் அபாயம் அதிகம் என்றும், அவர்களுடைய குழந்தைகள் எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறப்பது அதிகம் என்றும் வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். பிஞ்சைப் பறித்துப் புகை போடும் கதைதான் இது.

ஒரு குடும்பம் கற்பித்த பாடம்

ஓசூருக்குச் சமீபத்தில் உள்ள தொரப்பள்ளி, ராஜாஜி 1878-ல் பிறந்த ஊர் என்பதை நேயர்கள் அறிவார்கள். 1897-ல் அவருக்கு விவாகம் நடந்தபோது மணமகள் அலமேலு மங்கைக்கு வயது பத்து. பதின்மூன்று வயது நிறைந்த சமயத்தில் அவர் முதற் குழந்தைக்குத் தாயானார். ஐந்து குழந்தைகளைப் பெற்று, 1916-ல், முப்பது வயதை எட்டுமுன்பே கண்ணை மூடினார். அந்நாளில் அது விசேஷமான சங்கதியன்று. வீட்டுக்கு வீடு நடந்ததுதான்.

அதே வீட்டில் அடுத்த தலைமுறையில் நடந்ததைப் பாருங்கள். ராஜாஜியின் மகள் லக்ஷ்மியும் காந்தியடிகளின் புதல்வர் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பினர். லக்ஷ்மிக்கு அப்போது வயது பதினைந்து, தேவதாஸுக்கு இருபத்தெட்டு. இரு தந்தையரும் என்ன செய்தார்கள்? அதட்டவில்லை, அவசரமாக முகூர்த்தமும் வைக்கவில்லை. "ஐந்தாண்டு பிரிந்திருங்கள், அதன் பிறகும் மனம் மாறாதிருந்தால் மணந்து கொள்ளுங்கள்" என்றார்கள். இருவரும் காத்திருந்தார்கள். 1933-ல் பெரியோர்களின் ஆசியோடு விவாகம் நடந்தேறியது. தாய்க்கு முதற் குழந்தை பிறந்த வயதைத் தாண்டியும் மகளுக்குக் காத்திருக்கும் அவகாசம் கிடைத்தது. விடலைப் பருவத்து அன்பைப் பரிகசிக்காமலும், அதற்கு உடனே தலை வணங்காமலும், காலம் என்ற சோதனையில் அதை விட்டுப் பார்த்த அந்த விவேகம் நமக்கு இன்றும் வேண்டியதே.

இவ்விரண்டு விவாகங்களுக்கும் இடையில் தேசமும் மாறியது. 1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வரம்பு கட்டிற்று. 1949-ல் பெண்ணின் வயது பதினைந்தாயிற்று. 1978-ல் பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்று உயர்ந்தது. 2006-ல் வந்த சட்டம் பால்ய விவாகத்தை நடத்தி வைப்பவர்களுக்கும் தண்டனை விதித்தது.

எல்லையோரத்துச் சங்கடம்

சட்டம் மாறியபின் வழக்கமும் மாறிற்றா? ஓசூரில் கைக்கடிகாரம் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், கைபேசியின் உறுப்புகளை ஆயிரக்கணக்கான யுவதிகள் ஆலைகளில் உருவாக்குகிறார்கள். அங்கிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக மலையேறினால் அஞ்செட்டி. 2025 மார்ச்சில் அம்மலைப் பகுதியைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மணம் முடித்து, அவள் கதறக் கதறத் தூக்கிச் சென்ற காட்சி தேசம் முழுவதும் கைபேசிகளில் பரவிற்று. போலீஸார் சம்பந்தப்பட்டவர்களைக் கைது செய்தனர். தாலி கட்டியது எல்லைக்கு அப்பால், பெங்களூரில். ஆலைச் சங்கின் ஒலி எட்டும் தூரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில், நூறாண்டு பின்னால் போய்விடுகிறோம்.

எல்லையைத் தாண்டினால் சட்டமும் சற்று வேறுபடுகிறது. கர்நாடகத்தில் 2016-ல் இயற்றிய திருத்தத்தின்படி பால்ய விவாகம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது. நம் பக்கத்தில் நடைமுறையிலுள்ள மத்திய சட்டத்தின்படியோ, பொதுவாக, அச்சிறுமியே நீதிமன்றத்தை நாடி விவாகத்தை ரத்துச் செய்துகொள்ள வேண்டும். இருபது வயது நிறையுமுன் அவள் அதற்கு மனுச் செய்யலாம். படிப்பை நிறுத்தி, புக்ககத்தில் அடைபட்ட பெண்ணுக்கு நீதிமன்றத்தின் வாசலை யார் காட்டுவது? வருமுன் காப்பதே இங்கே காப்பு. 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும், அச்சிறுமியேகூட, கட்டணமின்றிப் பேசலாம். மாவட்டச் சமூக நல அதிகாரிக்கு இத்தகைய விவாகங்களைத் தடுக்கும் பொறுப்பு உண்டு.

பெற்றோர்கள் எல்லாம் கொடியவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடம் தொலைவில் இருக்கிறது. காட்டு வழியில் யானை நடமாட்டம் இருக்கிறது. தாய் தந்தையர் வேலை தேடிப் பெங்களூர் போகும்போது வயது வந்த பெண்ணை யாரிடம் ஒப்படைப்பது என்ற கவலை இருக்கிறது. அந்தக் கவலைக்கு விவாகம் மருந்தன்று. விடுதியும் பஸ்ஸும் உயர்நிலைப் பள்ளியுமே மருந்து. தமிழ்நாட்டு சர்க்கார் 1989 முதல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவி வந்தார்கள். 2022-ல் அந்த உதவியைப் படிப்புக்குத் திருப்பினார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 முதல் மாணவர்களுக்கும் அதேபோல் ஏற்பாடு உண்டு. பணம் கல்யாணப் பந்தலிலிருந்து கல்லூரிக்குப் போயிற்று என்பதே பெரிய மாறுதல்தான்.

உள்ளத்தின் கொந்தளிப்பு

உடல் ஒரு புறம் வளர, உள்ளம் மற்றொரு புறம் அலைமோதுகிறது. உணர்ச்சியையும் இன்பத்தையும் நாடும் மூளைப் பகுதிகள் இப்பிராயத்தில் முந்திக்கொண்டு விழித்தெழுகின்றன. பின் விளைவை யோசித்துக் கடிவாளம் பிடிக்கும் முன்மூளையோ ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரையில் முதிர்ந்துகொண்டேயிருக்கிறது. குதிரை வந்துவிட்டது, சாரதி இன்னும் பயிற்சியில் இருக்கிறான். தனியே இருக்கும்போது நிதானமாக நடக்கும் பையன், நண்பர் கூட்டத்தில் தலைகால் தெரியாமல் ஆடுவதன் காரணம் இதுவே.

ஓசூர் தேசத்துக்கெல்லாம் இருசக்கர வாகனங்களைச் செய்து அனுப்பும் ஊர். இவ்வூரிலே பத்தாம் வகுப்புப் பையன் பின்னால் இருவரை ஏற்றிக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் பறப்பதைக் கண்டு "என் மகன் கெட்டிக்காரன்" என்று பூரிக்கும் தந்தையர் உண்டு. சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ல் திருத்திய மோட்டார் சட்டப்படி, பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரையில் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். சிறையைவிடப் பெரிய தண்டனை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இன்னுமொரு பாரம் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி, பள்ளியில் தமிழில் பாடம் படித்து, ஆலையில் ஆங்கிலத்துக்குத் தலையாட்ட வேண்டியவர்கள் பலர். "நான் யார்?" என்று ஒவ்வொருவனும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் வயதில், பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் தோழர்கள் வாய்த்துவிட்டால் பிள்ளை வாயடைத்துப் போகிறான். நாலு பாஷை அறிந்திருப்பது குறையன்று, செல்வம் என்பதை வீட்டிலும் வகுப்பிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவை

முதலாவது ஆகாரம். வேகமாக வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும், பெருகும் ரத்தத்துக்கு இரும்புச் சத்தும் வேண்டும். நம் சீமையின் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. களியைக் கண்டு முகம் சுளிக்கும் நாகரிகம் நமக்கு வேண்டாம். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கச் சொல்லுங்கள். வீட்டில் ஆண் பிள்ளைக்கு முட்டையும் பெண் பிள்ளைக்கு ரசமுமாகப் பரிமாறும் வழக்கத்தை இன்றே கைவிடுங்கள்.

இரண்டாவது உறக்கம். இவ்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இரவில் உறக்கம் தாமதித்து வருவதும் இப்பருவத்தின் இயற்கையே, சோம்பேறித்தனமன்று. ஆனால் தலையணையடியில் கைபேசி கிடந்தால் தாமதித்து வருவது வராமலே போய்விடும். ஆகையால் இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், தந்தையுடையது உள்பட, கூடத்தில் ஓரிடத்தில் உறங்கட்டும்.

மூன்றாவது பேச்சு. மாதவிடாயைப்பற்றி மகளிடம் தாய் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்நாளில் அவள் அஞ்சி நடுங்க மாட்டாள். குரல் உடைவதையும் உறக்கத்தில் விந்து வெளிப்படுவதையும்பற்றி மகனிடம் தந்தை இரண்டு வார்த்தை சொன்னால், அவன் லேகியக் கடை விளம்பரங்களை நம்பி ஏமாற மாட்டான். வீட்டார் வாய் திறவாத இடத்தில் தெருவும் கைபேசியும் உபாத்தியாயர்களாகிவிடுகின்றன. தொடத் தகாத இடத்தில் யாரேனும் தொட்டால், உறவினரேயானாலும், உடனே வந்து சொல்லலாம் என்ற தைரியம் பிள்ளைக்கு வேண்டும். சொன்னபோது "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காத தாய் தந்தையர் அதற்கு வேண்டும்.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பது நம் பாட்டிமார் வாக்கு. தோழனிடம் ஆணையிடுவதில்லை, யோசனை கேட்கிறோம். வீட்டுக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், சந்தைக்கு அனுப்புங்கள், தவறினால் திருத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலம் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆஜர்ப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் திடீரென்று அடிக்கப்படுமானால், அது பள்ளிக்கூடத்தின் கவலை மட்டுமன்று. அந்தத் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் கவலையுமாகும். மறுநாளே அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "குழந்தை ஏன் பள்ளிக்கு வரவில்லை?" என்று கேட்கும் அண்டை வீட்டார் நாலு பேர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால் போதும்.