சிம் பூட்டும் துண்டு முறையும்

பதுளை, பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் கையடக்கத் தொலைபேசிக்கு எல்லை வகுப்பவை மலைகளே. ஒரு டிவிசனில் தெளிவாகக் கிடைக்கும் வலையமைப்பு, சரிவைத் தாண்டிய அடுத்த டிவிசனில் கிடைக்காது போகலாம். ஆதலால், இடத்திற்கேற்பச் சிம் அட்டையை மாற்றிக்கொள்வது அங்கு வாழ்வோர்க்கு ஆடம்பரமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியதை அறிந்தோர், அபாயச் செய்தி உரிய வேளையில் வந்து சேர்வதன் அருமையை நன்குணர்வர்.

இம்மாற்றத்திற்குத் தடையாக நிற்பது 'சிம் பூட்டு'. ஒவ்வொரு சிம் அட்டையிலும் ஓர் இலக்கத் தொடர் பதிந்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்கு உரியது 413. அடுத்து வருவன நிறுவனத்தைக் குறிப்பவை. பூட்டிய தொலைபேசி இவற்றைப் படித்து, தனக்கு அனுமதிக்கப்பட்ட நிறுவனம் அன்றெனில் அட்டையை ஏற்க மறுத்துவிடும். ஆகவே குறை அட்டையிலும் இல்லை, அலையிலும் இல்லை. கருவிக்குள் வைக்கப்பட்ட கட்டளையிலேயே உள்ளது.

இப்பூட்டு ஏன் தோன்றிற்று? பல நாடுகளில் நிறுவனங்கள் தொலைபேசியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, மாதக் கட்டணத்தின் வாயிலாக மீதியை அறவிட்டன. பணம் தீருமுன் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்திடம் சென்றுவிடாதிருக்கவே இந்தக் காவல்.

தோட்ட மக்களுக்கு இது புதிய கதையன்று. முற்பணக் கடன் தீராத தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலாதவாறு, கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு ஒருகாலத்தில் அவரைப் பிணித்திருந்தது. 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. சிம் பூட்டிலோ ஒரு வேறுபாடு உண்டு: கடன் தீர்ந்தாலும் பூட்டு தானாகத் திறப்பதில்லை. தொலைபேசி கைமாறிக் கடல் கடந்து வந்த பின்னரும் பழைய நிறுவனத்திற்கே அது கட்டுப்பட்டிருக்கும்.

இவ்வநீதியை உணர்ந்து, கனடா 2017 டிசம்பரில் பூட்டுத் திறக்கும் கட்டணத்தை நீக்கியது. ஜப்பான் 2021 ஒக்டோபரிலும், பிரித்தானியா அதே ஆண்டு டிசம்பரிலும் பூட்டிய தொலைபேசி விற்பனையையே தடுத்தன. எனினும் அதற்கு முன் விற்கப்பட்டவை பழைய பொருள்களாக இன்னும் புழங்குகின்றன. உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் தொலைபேசிகளிலும் இப்பூட்டு இருக்கக்கூடும்.

எனவே பழைய தொலைபேசி வாங்குவோர், பணம் கொடுக்குமுன் தம் சிம் அட்டையை இட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பார்த்தல் நலம். வேறொரு நிறுவனத்தின் அட்டையையும் இட்டுச் சோதித்தல் இன்னும் நன்று. திரையில் திறப்பு எண் கேட்கப்பட்டால், அது பூட்டிய கருவி. ஊகித்து எண்களை அழுத்துதல் கூடாது. தவறான முயற்சிகள் ஓர் அளவை மீறினால், பின்னர் சரியான எண்ணும் பயன்படாது போகும்.

மற்றொன்றும் கவனித்தற்குரியது. 2025 ஜனவரி 28 முதல் புதிதாக இணைக்கப்படும் தொலைபேசிகள் தன்னிடம் பதியப்பட்டிருத்தல் வேண்டும் எனத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. *#06# என அழுத்தினால் தோன்றும் பதினைந்து இலக்கக் கருவி எண்ணைக் கொண்டு பதிவை அறியலாம். பதிவு வேறு, பூட்டு வேறு. இரண்டையும் பார்த்து வாங்குபவரின் உழைப்புப் பணம் வீண்போகாது.