கதவடியில் மூன்று துவாய்கள்

கடந்த மாரியில் பிளேஸ்டோவில் புதுவீடு வாங்கிய எம்மவர் குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். சுவரில் வர்ணத்தின் மணம் இன்னும் நீங்கவில்லை. ஆயினும் பின்வளவுக்குத் திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவின் அடியில் மூன்று துவாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மழை பெய்யும் நாட்களில் அவற்றைப் பிழிந்து மாற்றுவது வீட்டுத் தலைவியின் பணி. இரவில் அக்கதவைப் பூட்டுவதற்கோ கணவர் தோளால் முட்டுக்கொடுத்துக் கைபிடியைத் தூக்க வேண்டியிருந்தது.

"நாங்கள் கறி சமைப்பதனால்தான் ஈரம் பிடிக்கிறதாம். பார்க்க வந்தவர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்" என்றார் அந்த அம்மையார். அதை நம்பி, பொரிப்பதை நிறுத்தி, தை மாதக் குளிரில் குசினி யன்னலைத் திறந்து வைத்துச் சமைத்திருக்கின்றார். பிள்ளைகளுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

சமையல் ஆவியால் ஈரம் உண்டாவது மெய்தான். ஆனால் அது குளிர்ந்த காலைகளில் கண்ணாடியின் உட்புறத்தில் பனித்து நிற்கும்; துடைத்தால் போய்விடும். மழையோடு வந்து, சட்டத்தின் மூலையில் தொடங்கி, சுவரில் மஞ்சட் கறையை விட்டுச் செல்லும் ஈரம் வேறு. இக்குடும்பத்தினர் ஒரு வாரம் உறவினர் வீட்டில் தங்கித் திரும்பியபோதும் கம்பளம் நனைந்தே கிடந்தது. அந்த வாரம் அங்கே யார் கறி சமைத்தார்கள்?

எமது ஊரில் நாள் பார்த்து நிலை வைத்த பின்னரே அதன் இருமருங்கும் சுவர் எழும். பாலை மரச் சட்டமும் சுவரும் கூடவே வளர்ந்தவை. இங்கோ சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய பின்னரே பிளாஸ்ரிக் சட்டத்தைக் கொண்டுவந்து பொருத்துவது பெருவழக்கு. ஆகவே சட்டத்துக்கும் சுவருக்கும் இடையேயுள்ள அந்தச் சில மில்லிமீற்றர்களில்தான் எல்லாம் தங்கியுள்ளது. இந்நாட்டுச் சுவர் இரட்டைச் சுவர்: வெளியே செங்கல், உள்ளே கல், நடுவே வெற்றிடம். செங்கலை ஊடுருவும் மழைநீர் அவ்வெற்றிடத்தில் இறங்கும். யன்னலைச் சுற்றி ஈரந்தடுக்கும் பட்டி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தால் அந்நீர் வெளியே திருப்பப்படும். இல்லையேல் உள்ளே வரும். சட்டத்தைச் சுவரோடு ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றருக்கு ஒரு திருகாணியால் இறுக்கவேண்டும். நுரையை அடித்து நிரப்புவது அதற்கு ஈடாகாது. கண்ணாடிக் கதவோ பாரம் மிக்கது. அதன் அடிச்சட்டம் முழு நீளத்துக்கும் தாங்கப்படாவிடின் நடுவில் தாழும். தாழ்ந்தால் பூட்டு இசையாது.

குடும்பத்தினர் விடாது எழுதியதன் பேரில் வேலையாட்கள் வந்து உட்புறப் பட்டியைக் கழற்றினார்கள். ஒரு கை நுழையும் இடைவெளி. உள்ளே மஞ்சள் நுரை மட்டும். பட்டியும் இல்லை, அடியில் ஒரு திருகாணியும் இல்லை.

அதைக் கண்டபோது இதே நியூஹாம் நகரசபைக்கு உட்பட்ட கனிங் ரவுணில் நின்ற ரோனன் பொயின்ற் மாடிக் கட்டடம் நினைவுக்கு வந்தது. 22 மாடிகள் கொண்ட அப்புதுக் கட்டடத்தில், 1968 மே 16 அதிகாலை, 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுவதும் சரிந்தது, நால்வர் மாண்டனர். பின்னர் வலுப்படுத்தப்பட்டு மீண்டும் மக்கள் குடியிருந்த அக்கட்டடத்தை 1986இல் பிரித்தபோது, சீமெந்துக் கலவை இருந்திருக்க வேண்டிய பொருத்துகளில் பத்திரிகைத் தாள்கள் திணிக்கப்பட்டிருந்தன. கசியும் கதவு ஒருவரையும் கொல்லாதுதான். ஆனால் பூச்சுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகின்றார்கள் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

எம்மவரில் பலர் முறையிடத் தயங்குகின்றனர். வழக்காடி வதிவிட உரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு கடிதப் போர் கசக்கத்தான் செய்யும். எனினும் புதுவீடுகளுக்குப் பெரும்பாலும் பத்தாண்டு உத்தரவாதம் உண்டு. முதல் ஈராண்டுகளில் பிழைகளைத் திருத்துவது கட்டியவரின் பொறுப்பு. அதன்பின் பெருஞ்சேதங்களே கவனிக்கப்படும் என்பதால், "பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிடலாகாது. தொலைபேசியில் சொன்னது நிற்காது, எழுத்தில் தரவேண்டும். மழை பெய்த நாள், நீர் வந்த இடம், படம் ஆகிய மூன்றும் இருந்தால் ஆங்கிலம் கொச்சையாக இருப்பினும் பாதகமில்லை. கட்டியவர் அசையாவிடில், 2022இல் தொடங்கப்பட்ட புதுவீடுகளுக்கான குறைகேள் அதிகாரியிடம், அத்திட்டத்தில் பதிந்துள்ள நிறுவனங்களுக்கு எதிராகக் கட்டணமின்றி முறையிடலாம். குடியிருக்கவே தகாத அளவுக்குப் பழுதான வீடாயின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் துணைநிற்கும். 2022 யூன் 28இன் பின் முடிக்கப்பட்ட வீடுகளுக்கு 15 ஆண்டுகள் வரை அதன்கீழ் வழக்குத் தொடரலாம்.

கதவைக் கழற்றி மீண்டும் பொருத்தியாயிற்று. அம்மையார் எனக்கு வடை பொரித்துத் தந்தார். துவாய்களில் இரண்டு கொடியில் காய்ந்தன. மூன்றாவது மேல்மாடி யன்னலின் கீழ் இருக்கின்றது. அதற்கான கடிதத்தை அன்று மாலை இருவருமாக எழுதினோம்.