உள்ளே தங்கிய தண்ணீர்

செப்டம்பர் முடியும் நேரத்தில் ஸ்டாக்ஹோம் நகரத்துப் படகுத் துறைகளில் கிரேன் வந்து நிற்கும். கோடை முழுக்கச் சுமார் 30,000 தீவுகளுக்கும் திட்டுகளுக்கும் இடையே சுற்றிய பாய்மரப் படகுகளும் மோட்டார் படகுகளும் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டு, கரையில் இரும்புத் தாங்கிகளின் மேல் உட்காரவைக்கப்படும். மறுபடி அவை நனைவது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான். ஆண்டில் பாதிக்கு மேல் படகு தரையில். இத்தனைக்கும் ஸ்வீடனில் சொந்தப் படகு என்பது பணக்காரப் பவிசு அல்ல. பள்ளி ஆசிரியரும் எலக்ட்ரீஷியனும் முப்பது நாற்பது வருடப் பழைய ஃபைபர் படகை வாங்கி, படகு மன்றத்தில் உறுப்பினராகி, தங்கள் முறை வரும்போது இரவுக் காவலுக்கும் போய் வருவார்கள்.

கடல் உறைந்து படகை நசுக்கிவிடும், அதனால் தூக்குகிறார்கள் என்று நமக்குத் தோன்றும். அது பாதி உண்மைதான். மிதக்கும் வீடுகளும் சில பழைய கப்பல்களும் குளிர்காலம் முழுக்க அதே தண்ணீரில்தான் கிடக்கின்றன. பால்டிக் கடலின் விசித்திரமான குணம் ஒன்று அவற்றுக்குத் துணை நிற்கிறது. பெருங்கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஸ்டாக்ஹோமை ஒட்டிய கடலில் ஐந்து ஆறு கிராம் தேறினால் பெரிது. உப்பில்லாத நீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே நின்றுவிடும். உப்பு ஏற ஏற இந்த 4 டிகிரி இறங்கிக்கொண்டே வரும். லிட்டருக்கு 25 கிராமை நெருங்கும் இடத்தில் அது உறைநிலையோடு ஒன்றாகிவிடும். அதைவிட உப்பான கடல்நீர் உறைகிற கணம்வரை கனத்துக்கொண்டும் மூழ்கிக்கொண்டும் இருக்கும்.

ஸ்டாக்ஹோம் பக்கத்தில் அந்தத் திருப்பம் ஏறக்குறைய 2.8 டிகிரியில் வருகிறது. ஆகவே ஜனவரி மாதத்தில் மேலே பனித்தட்டு, அடியில் இரண்டு மூன்று டிகிரியில் திரவ நீர். துளையிட்ட ரப்பர் குழாயைப் படகின் கீழே ஆழத்தில் போட்டுக் காற்றை ஊதினால், ஏறிவரும் குமிழ்கள் அந்த அடிநீரையும் இழுத்துவரும். சூடு என்று சொல்லக் கூசும் அந்த இரண்டு டிகிரி போதும், படகைச் சுற்றி ஒரு வளையம் உறையாமல் கிடக்க.

வெளித்தண்ணீரைச் சமாளிக்க இப்படி வழி இருக்கிறது. குளிர்காலத்தில் படகு வீணாவது பெரும்பாலும் அதோடு சேர்ந்து கரையேறிவிட்ட சில லிட்டர் நீரால்தான்: எஞ்சின் குழாயில், வால்வில், டேங்க்கின் அடியில், உடற்சுவருக்குள்ளேயே தங்கிப்போனது.

நீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. ஃப்ரீசரில் மறந்துபோன கண்ணாடி பாட்டிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்த விசையின் அளவு பலருக்குத் தெரியாது. அசையாத சுவர்களுக்குள் அடைபட்ட நீர் மைனஸ் 22 டிகிரியில் 2,000 வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்தைக் காட்டும். எஞ்சினின் வார்ப்பிரும்பு அவ்வளவு தாங்காது, விரிசல் விட்டுவிடும். சாதாரண கார் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் கூலண்ட் மூடிய சுற்றில் ஓடுகிறது. படகு எஞ்சினோ கடல்நீரையே உறிஞ்சி, சூட்டை அதில் ஏற்றி, புகைக்குழாய் வழியாகத் துப்புகிறது.

அடியிலுள்ள பால் வால்வைப் பாருங்கள். கடல்நீர் உள்ளே வருவதற்கான கதவு அது. உள்ளே குறுக்காகத் துளையிட்ட ஓர் உருண்டை. கைப்பிடியை மூடிய நிலைக்குத் திருப்பினால் துளை பக்கவாட்டில் திரும்பும். துளைக்குள் இருந்த நீர் இரண்டு பக்கமும் அடைபட்டு நின்றுவிடும். ஒரு மேசைக்கரண்டி இருந்தால் அதிகம். வால்வின் உடல் பிளக்க அது போதும். பொறுப்பாக எல்லாவற்றையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார். கரையேறிய படகில் இந்த வால்வுகளைப் பாதி திறந்த நிலையில், 45 டிகிரிக் கோணத்தில் விட வேண்டும். அப்போதுதான் உருண்டைக்குள் இருப்பதும் வழிந்துபோகும்.

எஞ்சினுக்குள் இருப்பது அப்படி வழியாது. அதை வேறொரு திரவத்தால் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். கடல்நீர்க் குழாயைக் கழற்றி, எளிதில் உறையாத புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த வாளிக்குள் விட்டு எஞ்சினை ஓடவிடுவார்கள். ஒருவர் சாவியருகே, இன்னொருவர் பின்பக்கம் புகைக்குழாய் வாயைப் பார்த்தபடி. முதலில் தெளிந்த நீர், பிறகு வெளிறிய நிறம், பிறகு திரவத்தின் முழு நிறம். உடனே நிறுத்து என்று கத்துவார். இதிலும் ஒரு சூட்சுமம். குளிர்ந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். கடல்நீர் நேராக எஞ்சின் உடலுக்குள் ஓடும் மாதிரிகளில், கிளைக்கால் மாற்றுப் பாதையில் ஓடி வாளி காலியாகிவிடும், எஞ்சினின் வயிற்றில் பழைய நீர் அப்படியே இருக்கும். வெளியே வரும் நிறத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி தெர்மோஸ்டாட்டைத் திறக்கவைப்பது அதனால்தான்.

கார்களில் வழக்கமான எதிலீன் கிளைக்காலை இதற்கு ஊற்றுவதில்லை. அது இனிக்கும், கொல்லும். உடலுக்குள் போனால் ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். வசந்தத்தில் எஞ்சினை ஓட்டும்போது உள்ளே இருப்பதெல்லாம் கடலுக்கோ ஏரிக்கோ போகும் என்பதால் தீமை குறைந்த புரொப்பிலீன் வகை. அதையும் பாத்திரத்தில் பிடித்து வைக்கிறவர்கள் உண்டு.

இந்தக் கிளைக்கால் குடும்பத்தின் இன்னோர் உறுப்பினருக்கு ஸ்டாக்ஹோமில் அருங்காட்சியகமே இருக்கிறது எனலாம். 1628 ஆகஸ்டு 10 அன்று முதல் பயணத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் கவிழ்ந்த வாசா போர்க்கப்பல், 1961-இல் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்தது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு இவ்வளவு குறைந்த உப்பில் வாழாது. அதனால் 333 வருடம் பிழைத்தது. ஆனால் மரத்தின் செல்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. சும்மா உலரவிட்டால் மரம் சுருங்கி வெடித்திருக்கும். எதிலீன் கிளைக்கால் அலகுகள் சங்கிலியாகக் கோத்த பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலை 17 ஆண்டுகள் அதன் மேல் தெளித்து, நீர் இருந்த இடத்தில் அதைக் குடியேற்றினார்கள். உள்ளே தங்கிய நீரை வெளியேற்ற மனிதர் செய்த மிகப் பொறுமையான வேலை இதுதான் என்பேன்.

ஃபைபர் படகுக்காரர்களுக்குக் கிளைக்கால் எதிரியாகவும் வரும். கண்ணாடி இழையைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசினைத் தயாரிக்கும்போது பெரும்பாலும் கிளைக்காலும் ஒரு மூலப்பொருள். வினையில் சேராமல் தப்பிய துளிகள் சுவருக்குள் அங்கங்கே கிடக்கும். மேற்பூச்சான ஜெல்கோட் நம் கண்ணுக்குக் கண்ணாடிபோல இருந்தாலும் நீர் மூலக்கூறுகள் அதை மெல்லக் கடந்து போகும். உள்ளே போன நீர் அந்தத் துளிகளைக் கரைக்கும், ரெசினைச் சிதைத்து அமிலங்களையும் உண்டாக்கும். உள்ளே அடர்ந்த கரைசல், வெளியே நீர்த்த கடல். சவ்வூடு பரவல் தன் வேலையைத் தொடங்கும். நீர் மேலும் மேலும் உள்ளே வந்து கொப்புளம் கிளம்பும். குத்தி உடைத்தால் உள்ளிருப்பது பீறிட்டு வரும், காடி நாற்றத்தோடு. கண்ணாடி மாட்டாமல் குத்தக் கூடாது. உப்புக் கடலைவிட நன்னீர் ஏரியில் இந்த வியாதி வேகமாக வரும், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள செறிவு வித்தியாசம் அங்கே அதிகம் என்பதால். படகு கரையில் நிற்கும் குளிர்காலம்தான் சுவர் தன் ஈரத்தைத் திருப்பித் தருகிற காலம். ஆண்டு முழுக்க நீரில் கிடக்கும் வெப்பநாட்டுப் படகுகளுக்கு அந்த ஓய்வு இல்லை.

மற்ற ஈரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய எஞ்சின் ஆயிலில் எரிபொருளின் அமிலக் கழிவும் நீரும் சேர்ந்திருக்கும். அதை வசந்தத்தில் மாற்றுவது வீண், பேரிங்குகளைத் தின்ன ஏழு மாதம் கொடுத்தாகிவிட்டதே. டீசல் டேங்க்கை விளிம்புவரை நிரப்புவார்கள், காற்றுக்கு இடமிருந்தால் அதன் ஈரம் உட்சுவரில் வியர்த்து அடியில் சேரும். டீசலும் நீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் நுண்ணுயிர்கள் குடியேறி, கொழகொழவென்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். பெட்ரோலில் எத்தனால் இருந்தால் அது ஈரத்தை உறிஞ்சும். குளிரில் தாங்கும் அளவு குறைந்து, நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் படியும். 2021 ஆகஸ்டு முதல் ஸ்வீடனில் சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் 10 சதவீதம்வரை எத்தனால் கொண்டதாகிவிட்டதால் படகுக்காரர்கள் வேறு ரகம் தேடிப் போகிறார்கள். ஈய அமில பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. தீர்ந்துபோனதென்றால் மைனஸ் 10-க்கு அருகிலேயே உறைந்து வெடிக்கும், அமிலம் நீர்த்துப்போவதால். லித்தியம் பேட்டரிக்குப் பிரச்சினை வேறு: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும்.

தார்ப்பாய் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். மழையும் பனியும் நுழையாதபடி இறுக்கி மூடிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். 20 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டருக்கு 17 கிராம் நீராவியைச் சுமக்கும். பூஜ்ய டிகிரியில் 5 கிராம்கூட முடியாது. பகல் வெயிலில் உள்ளே சூடான காற்று இரவில் அந்த மிச்சத்தை மெத்தையிலும் மரத்திலும் இறக்கிவைக்கும். மார்ச் மாதத்தில் திறந்தால் பூஞ்சை. இரண்டு முனையிலும் காற்றுப்போக வழி விட்டவரின் படகு குளிராகவே இருந்தாலும் உலர்ந்திருக்கும்.

வெளிப்பக்கக் கணக்கும் ஒன்று உண்டு. கரையேறிய பிறகுதான் அடிப்பாகம் கண்ணில் படுகிறது: ப்ரொப்பெல்லர் தண்டில் பொருத்திய துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருக்கும், கொட்டலசு ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே பழைய கதை. 1824-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடு அரிக்காமலிருக்க ஒரு வழி சொன்னார். செம்போடு சிறிது துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அது தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காக்கும். சோதித்த கப்பல்களில் ஒன்று, நம் பக்கத்துக் கொச்சியில் கட்டிய சமராங். வேதியியல் சொன்னபடியே நடந்தது, செம்பு கரையவில்லை. ஆனால் செம்பு கரைந்து நஞ்சு கசிந்ததால்தான் அதுவரை கொட்டலசும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. காப்பாற்றப்பட்ட தகடுகளில் அவை செழித்து வளர, சில ஆண்டுகளில் கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. டேவியின் துத்தநாகம் இன்று தண்டையும் ப்ரொப்பெல்லரையும் காக்கிறது. உப்புக் கடலில் துத்தநாகம், பால்டிக் போன்ற உவர்நீரில் அலுமினியம், நன்னீரில் மக்னீசியம் என்று உலோகம் மாறும். செம்போ, தகடாக இல்லாமல் பெயின்ட்டுக்குள் புகுந்துவிட்டது.

செம்பை விடக் கொடியதாக ஒன்று இடையில் வந்து போனது: ட்ரைபியூட்டைல் டின். பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் தடித்துக் கோணலாகிப் போனபோது சந்தேகம் அதன் மேல் விழுந்தது. 1982-இல் பிரான்ஸ் சிறு படகுகளில் அதைத் தடுத்தது. லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவிலேயே சில பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கவைக்கும் பொருள் அது. உலகளாவிய தடை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய படகுகளின் அடியில் பெயின்ட் அடுக்குகளுக்குக் கீழே அது இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் சுரண்டும்போது தூசியாகப் படகுத் துறை மண்ணுக்கு வருகிறது. நஞ்சு கலந்த பெயின்ட்டை ஸ்வீடனின் மேலாரன் ஏரியிலும் போத்னியா வளைகுடாவிலும் உல்லாசப் படகுகளுக்குப் பூச இப்போது அனுமதியில்லை. நன்னீர் ஏரியில் கொட்டலசே கிடையாது, அங்கே எதற்கு நஞ்சு? கடலிலும் கொட்டலசுக் குஞ்சுகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் ஒட்டுகின்றன. ஓடு கெட்டிப்படும் முன் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும் என்பவர்களின் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் நேர்மாறானது மரப்படகு. அதற்கு உலர்ந்தால் ஆபத்து. பலகைகள் நீரில் ஊறி உப்பி ஒன்றையொன்று நெருக்குவதால்தான் அது ஒழுகாமல் மிதக்கிறது. குளிர்காலக் காற்று, அதைவிட ஏப்ரல் வெயில், அந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டால் இடுக்குகளில் வெளிச்சம் தெரியும். ஆகவே ஃபைபர் படகுக்காரர் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் அதே துறையில், பக்கத்து மரப்படகுக்காரர் வாளி வாளியாகத் தண்ணீரைத் தன் படகுக்குள் ஊற்றிக்கொண்டிருப்பார். அப்படியும் இறக்கிய முதல் நாள் தண்ணீர் உள்ளே வரும். பலகை உப்பி இடுக்கு அடையும்வரை பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிலர் ஓர் இரவு முழுக்கப் படகைக் கிரேன் பெல்ட்டிலேயே தொங்கவிடுவார்கள்.

ஃபைபர் படகு இறங்கும்போதும் கிரேன்காரர் பெல்ட்டை உடனே தளர்த்த மாட்டார். இலையுதிர்காலத்தில் பாதி திறந்து வைத்த அந்த வால்வுகளை யாராவது மூட மறந்திருக்கலாம். மூடியது ஒருவேளை பிளந்ததாகவும் இருக்கலாம். உரிமையாளர் தரைப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, ஒவ்வொரு வால்வையும் விரலால் தடவிப் பார்ப்பார். நனையவில்லை என்று அவர் மேலே வந்து கை காட்டிய பிறகுதான் பெல்ட் தளரும், வரிசையில் அடுத்த படகு நகரும்.