தராசின் விலை எங்கே குறைகிறது?

கொள்முதலில்தான் லாபம் என்பது நம் தொழிலின் பாலபாடம். மின்னணுத் தராசு செய்பவருக்கோ லாபமும் நஷ்டமும் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. சர்க்யூட் வடிவமைத்து, அடக்கவிலை குறைய வழி சொல்லும் ஆலோசகர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள்.

தட்டின் அடியிலுள்ள ‘லோடு செல்’ என்னும் உலோகத் துண்டு எடைக்கேற்ப நுண்ணியதாக வளையும். 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், முழுச் சுமைக்கும் அது திருப்பித் தருவது சுமார் 10 மில்லிவோல்ட். 30 கிலோ தராசில் 5 கிராம் என்பது, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் இரண்டு பங்குக்கும் குறைவு! அதைப் பிசகாமல் அளப்பதே சர்க்யூட்டின் வேலை.

நல்ல ஆலோசகர் பல பாகங்களின் வேலையை ஒரே ‘சிப்’பில் அடக்குவார், ஒருவரை மட்டும் நம்பியிராமல் பலரிடம் கிடைக்கும் பாகங்களையே தேர்ந்தெடுப்பார். இது நியாயமான சிக்கனம். மட்டமான லோடு செல்லைப் போட்டு, வெப்பத்தால் வரும் மாற்றத்தைச் சரிசெய்யாமல் விடுவது வேறு. அந்தத் தராசு காலையில் ஓர் எடையும் உச்சிவெயிலில் ஓர் எடையும் காட்டும். கூட்டிக் காட்டினால் வாடிக்கையாளர் போவார். குறைத்துக் காட்டினால் சரக்கு போகும்.

ஆகவே அன்பர்களே, விலை கேட்குமுன் மாடல் அங்கீகாரம் உண்டா, உதிரிபாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி அந்த அங்கீகாரம் கட்டாயம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரையும் வேண்டும். எங்கள் மண்டியில் முத்திரையிட்ட 5 கிலோ எடைக்கல் ஒன்று கல்லா அருகிலேயே இருக்கிறது. கடை திறந்ததும் முதல் நிறுவை அதற்குத்தான்.