கண்மாய்க்கரை – 14: கருவையை ஊருக்கு யார் விளக்குவது?

மல்லாங்கிணற்றிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும், அருப்புக்கோட்டைக்கோ காரியாபட்டிக்கோ திருச்சுழிக்கோ, சாலையோடு கூடவே ஒரு மரம் வருகிறது. கண்மாயின் உள்வாயில் நிற்கிறது. வரத்துக்காலை அடைத்து நிற்கிறது. உழவு நின்றுபோன கரிசலில் ஆள் நுழைய முடியாதபடி மண்டிக் கிடக்கிறது. அரசாணைகளில் அது சீமைக்கருவேலம். ஊருக்குள் கருவை, வேலிக்கருவை, அல்லது வெறும் முள்ளு. தமிழ்நாட்டில் இவ்வளவு பேசப்பட்ட மரம் வேறு இல்லை. இவ்வளவு தப்பாகப் பேசப்பட்ட மரமும் வேறு இல்லை.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் பொய்த்துப்போனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்த நேரத்தில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக்கருவேலத்தை அகற்றியாக வேண்டுமென மாவட்ட நிர்வாகங்களை முடுக்கிவிட்டது. ஜாமீன் கேட்டு வந்தவரிடம் இத்தனை மரம் வெட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்த நீதிமன்றமும் உண்டு. கண்மாய்களுக்குள் ஜேசிபிகள் இறங்கின. சில மாதங்களில், அறிவியல் ஆய்வு இல்லாமல் இப்படி அகற்றலாமா என்ற வழக்கில் சென்னை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. நிபுணர் குழுவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. பிறகு தடையும் விலகியது. முதலில் இயந்திரம், அப்புறம் அறிவியல். இந்த வரிசையில்தான் எனக்கு மனத்தாங்கல்.

அந்த மாதங்களில் வாட்ஸப்பில் சுற்றிய செய்திகள் பலருக்கு நினைவிருக்கும். கருவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டிவிடும்; ஆக்சிஜன் விடாது, நச்சுக் காற்றைத்தான் விடும்; அதில் கட்டிய மாடு மலடாகிவிடும். படித்தவர்கள்தான் இதை அதிகம் அனுப்பினார்கள். பள்ளிக்கூட மேடைகளில்கூட இதைச் சொல்லி மாணவர்களை வெட்ட அனுப்பினார்கள். மற்ற பச்சை மரங்களைப் போலத்தான் கருவையும் வெயிலில் உணவு தயாரிக்கிறது, ஆக்சிஜனை வெளிவிடுகிறது. தண்ணீருக்கு அது நம்பியிருப்பது வேரை. வேர்தான் விஷயமே. இதன் அமெரிக்க உறவு மரம் ஒன்றின் வேரை அரிசோனாவில் ஒரு சுரங்கக் குழியில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். புல்லும் செடியும் கருகிப்போகும் சித்திரையிலும் கருவை பச்சையாக நிற்பதன் காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது.

மாட்டுக் கதையிலும் ஒரு துளி உண்மை உண்டு. காய் இனிப்பானது, புரதம் உள்ளது, ஆடும் மாடும் விரும்பித் தின்னும். வேறு தீவனம் இல்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்ற மாட்டுக்குத் தாடையும் நாக்கும் பாதிக்கப்படும் என்பது கால்நடை மருத்துவர்கள் அறிந்த செய்தி. மலடாகும் என்பது கட்டிவிட்டது. உண்மையான குற்றச்சாட்டுகள் இருக்கும்போது பொய்யானவை எதற்கு என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். உதிர்ந்த இலையும் நிழலும் சேர்ந்து அடியில் நாட்டுப் புல்லை வளர விடுவதில்லை. ஆடு காயைத் தின்னும், இலையைத் தொடாது. அதனால் விதை ஊர் ஊராகப் பரவுகிறது, கன்று மட்டும் மேய்ச்சலுக்குத் தப்பிவிடுகிறது. ஆட்டின் குடல் வழியே வரும் கெட்டித்தோல் விதை, புழுக்கையோடு உரமும் சேர்ந்தே மண்ணில் விழுகிறது. வெளியிலிருந்து வந்த ஒரு மரம் இந்த வறண்ட காட்டை வளைத்துப்போட்டதற்கு இதைவிட வேறு சூது தேவையில்லை.

வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளின் மரம் இது. 1876இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த பெடோம் விதை கேட்டு எழுதினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடப்பைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நட்டார்கள். விடுதலைக்குப் பிறகு விறகுப் பஞ்சம் தீர்க்க அரசே விதை கொடுத்துப் பரப்பியது. குஜராத்தில் பன்னிப் புல்வெளியில் 1961இல் வனத்துறையே இதை நட்டது. இன்று அங்கேயும் மேய்ச்சல்காரர்கள் புல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் கொண்டுவரவில்லை. அடுப்பெரிய வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், அடுப்பும் எரிந்தது.

இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்தில் கரிமூட்டம் போடும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வெட்டிய கம்புகளைச் செங்குத்தாக அடுக்கிக் கூம்பாக்கி, கனத்த தூர்களை நடுவில் வைத்து, மேலே இலை தழை மூடி, அதற்கு மேல் ஈரமண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பூசுகிறார்கள். அடியில் சுற்றிலும் சின்னச் சின்னத் துவாரங்கள். நெருப்பு வைத்ததும் முதலில் வருவது வெள்ளைப் புகை. அது விறகிலிருந்து கிளம்பும் ஈரம். நாள்கள் போகப்போகப் புகை மெலிந்து நீலமாகும். அந்த நீலத்தைப் பார்த்த பிறகுதான் துவாரங்களை அடைக்க வேண்டும். முந்தினால் பாதி விறகு, பிந்தினால் எல்லாம் சாம்பல். ராத்திரியில் மண் எங்காவது வெடித்துக் காற்று புகுந்தாலும் சாம்பல்தான். அதனால் ஒருவர் தூங்காமல் மூட்டத்தைச் சுற்றி வருகிறார். காற்றைக் குறைத்துக் கொடுத்தால் மரம் எரியாமல் கரியாகும் என்ற வேதியியலை, புகையின் நிறத்தை வைத்துப் படிக்கும் கலை இது.

மூட்டம் போடும் பெரியவர் ஒருவரிடம், “வேரோட பிடுங்குனா கருவை போயிருமாய்யா?” என்று கேட்டேன்.

“பிடுங்குன எடத்தப் போய்ப் பாருங்க தம்பி. மண்ணப் புரட்டிவிட்டுட்டுப் போறாக. அதுல தண்ணி நின்னா, கார்த்திகைக்குள்ள அம்புட்டு வெதையும் மொளச்சிரும். மேலாப்புல வெட்டுனா ஒண்ணுக்கு நாலாத் தளுக்கும். அதுக்கு உசுரு மண்ணுக்குக் கீழ இந்தா இருக்கு பாருங்க, இந்த மொண்டியில.”

அவர் காட்டியது தூரின் மேல்பகுதி, தண்டும் வேரும் கூடும் இடம். மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் பதிந்திருக்கும் முடிச்சு அது. அதற்குக் கீழே வெட்டினால்தான் மரம் சாகும் என்று தாவரவியலாளர்கள் எழுதுகிறார்கள். தூர்க்கரிக்கு விலை அதிகம் என்பதால் அதைத் தோண்டி எடுத்தெடுத்து இவர் கண்ட பாடமும் அதுவே. 2017இல் இவரை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதியவரும் கூட்டத்தில் இல்லை. இரண்டு பேரும் அறிந்த ஒன்றே ஒன்றை ஜேசிபி ஓட்டுநரிடம் சொல்ல ஊரில் ஆளில்லாமல் போனது.

இந்த இடைவெளியை நிரப்புவது எழுத்தும் ஓவியமும் நாடகமும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தமிழில் அதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தாவரவியல் படித்தவர், படமும் வரைவார், கறுப்பு வெள்ளையில் யானைகளை அழகாகப் படமெடுத்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். நகரத்து வாசகனுக்குத் தன் வீட்டுச் சுவரில் ஓடும் அணிலிலிருந்தே அறிவியலைத் தொடங்கிச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. வெளிநாட்டு மரங்களைக் கண்டபடி நடுவதை அவர் விடாமல் எதிர்த்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று நமக்குக் கொடுத்தவர் தியடோர் பாஸ்கரன். சினிமா வரலாற்றையும் காட்டுயிரையும் ஒரே அக்கறையோடு எழுதுகிறவர்.

கரிசலுக்கு என்றே ஒரு மரபும் இருக்கிறது. கி. ராஜநாராயணன் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யை ஜூனியர் விகடனில் தொடராக எழுதியபோது, ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் கூடவே வந்தன. வறண்ட மண், வெடித்த நிலம், முள்மரம், மனித முகம் எல்லாம் முதன்முறையாகப் பட்டணத்து வீடுகளுக்குள் மதிப்போடு நுழைந்தன என்று சொல்லலாம். மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், இந்த நிலத்தின் நாதஸ்வரக் கலைஞர்களை வைத்து எழுதிய ‘சஞ்சாரம்’ நாவலுக்கு 2018இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இலக்கியம் இந்த நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டு ரொம்பக் காலமாகிவிட்டது. சூழலியல் இப்போதுதான் வந்து சேர்கிறது. சூழலியலாளர்கள் மதுசூதனும் அபி வனக்கும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட வறண்ட புல்வெளியும் முட்காடும் என்று வரைபடம் போட்டுக் காட்டியது. இதில் பெரும்பகுதி அரசுக் கணக்கில் இன்னமும் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதையும் நடலாம், எதையும் தோண்டலாம்.

வீதி நாடகமும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1987இல் நாடு முழுவதும் நடந்த அறிவியல் கலைப்பயணத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போனது. குழந்தைகளுக்கான ‘துளிர்’ இதழ் பிறந்ததும் அந்த ஆண்டுதான். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் தென்மாவட்டக் கிராமங்களில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. பறையும் பாட்டும் இருந்தால் கையெழுத்தையே கற்றுக்கொண்ட ஊருக்கு, சீமைக்கருவேலத்துக்கும் நாட்டுக் கருவேலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அந்த வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இறுகி, கோத்த மணிபோல இருக்கும், மேலே சாம்பல் பூத்திருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர். காய் பழுத்தால் மஞ்சளாகும், இடையில் அப்படி இறுகியிருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கண்மாயில் இறங்கி வெட்டினால் போவது பறவைகளின் வீடு. கிழக்கே முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ராம்சர் ஈரநிலங்களாயின. மஞ்சள்மூக்கு நாரையும் அரிவாள்மூக்கனும் அங்கே கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில். இன்னொரு உறவும் உண்டு. நவராத்திரியில் நாம் கும்பிடும் வன்னியும், விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னியும், சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம்தான். இந்த மண்ணோடு வளர்ந்தது வன்னி, மண்ணை வளைத்தது கருவை.

நகரத்துக்கு இதில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். மதுரையிலும் சென்னையிலும் இஸ்திரி வண்டியின் பெட்டிக்குள் கனல்வது இந்தக் கரி. கடற்கரையில் சோளம் சுடுவதும், உணவகத்தில் கோழி வாட்டுவதும் பெரும்பாலும் இதில்தான். மழை பொய்த்த வருடங்களில் இந்த வட்டாரத்தின் பல வீடுகளில் உலை வைத்தது கருவைதான் என்பதை மரத்தைத் திட்டுகிற யாரும் சொல்வதில்லை. கூலி, கரியின் விலை, புகையில் வாழ்கிறவர்களின் மூச்சு எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பிரச்சினை. அறிவியலை மட்டும் தனியே பேசி இதைத் தீர்க்க முடியாது.

2022இல் தமிழ்நாடு அரசு, அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு நிற்காமல் மீட்பதைப் பற்றியும் அது பேசுவது நல்ல செய்தி. ஆனால் மீட்பது வருடக்கணக்கில் ஆகும் வேலை. அகற்றிய இடத்தில் அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லோ வெள்வேலமோ உடை மரமோ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை ஆட்டை விலக்கி வைக்க வேண்டும். அந்த வேலைக்குக் கூலி கொடுத்தால் செய்வதற்கு மூட்டக்காரர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது.

இந்தத் தொடரைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களை வெட்ட அனுப்புவதற்கு முன்னால் வரைய அனுப்புங்கள். உருண்டைப் பூவையும் கதிர்ப் பூவையும் அவர்கள் கண்ணால் பார்த்துத் தாளில் போடட்டும். ஊராட்சிக்காரர்களுக்கும் ஒன்று. அடுத்த கிராமசபையில் சீமைக்கருவேலத்தை அகற்றத் தீர்மானம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: அகற்றிய இடத்தில் என்ன வளரப்போகிறது? மூன்று வருடம் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? இரண்டுக்கும் பதில் வரும்வரை ஜேசிபிக்குப் பணம் ஒதுக்க விடாதீர்கள்.