ஷேக்ஸ்பியரைக் காத்த நடிகர்கள்

ஷேக்ஸ்பியர் என்ற பெயரைக் கேட்டதும் நம் நாட்டில் ஆங்கிலம் கற்றவர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நாடகமன்று, பரீட்சை. கலாசாலையில் ஒரு வருஷம் முழுவதும் ஒரு நாடகத்தை வரி வரியாகப் பிரித்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி, இன்ன பாத்திரத்தின் குணாதிசயங்கள் இவை என்று நெட்டுருப் பண்ணி, விடைத்தாளில் கொட்டிவிட்டு வெளியே வந்தவர்கள் நாம். அந்நாடகத்தை மேடையில் ஒருமுறையேனும் பார்த்ததுண்டா என்று அன்று நம்மை எவரும் கேட்கவில்லை. பாட்டைக் கேளாமலே ஸ்வரங்களை ஒப்பித்த கதைதான்.

ஏப்ரல் 23-ந் தேதி அம்மகாகவி மறைந்த தினம். 1616-ல் அவர் காலமானார். 1564 ஏப்ரல் 26-ந் தேதி அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததாக ஸ்ட்ராட்போர்டு ஆலயப் பதிவேட்டில் கண்டிருப்பதால், அதற்கு மூன்று நாள் முன்பு பிறந்திருக்கலாமென்று வைத்துக்கொண்டு, ஜனன தினத்தையும் அன்றைக்கே கொண்டாடுகிறார்கள். அன்று கவியைப் புகழ்வோர் உலகெங்கும் ஏராளம். நாம் கவியைச் சற்று ஒருபுறம் வைத்துவிட்டு, அவரை நமக்குக் காத்துக் கொடுத்த கூத்தர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

தேசியப் பத்திரிகையொன்று ஆங்கிலக் கவிக்கு ஏன் வந்தனை செய்ய வேண்டும் என்று சில அன்பர்கள் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. ஷேக்ஸ்பியரைப் பாடமாக வைத்த அதே அன்னிய சர்க்கார்தான் 1876-ல் நாடகச் சட்டத்தைக் கொண்டுவந்து, இராஜத் துரோகமென்று தனக்குத் தோன்றிய நாடகங்களைத் தடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. ஜூலியஸ் ஸீஸரைக் குத்திக் கொல்லும் காட்சியை மாணாக்கர்கள் மனப்பாடம் செய்யலாம். துரைமார்களின் கொடுமையை மேடையில் காட்டலாகாது! அந்தக் கசப்பை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் ஆள வந்தவர்கள் வேறு, ஆடிப் பிழைத்தவர்கள் வேறு. முன்னவர்களின் ஆட்சி 1947-ல் முடிந்தது. பின்னவர்களோடு நமக்கு ஒரு வழக்கும் இல்லை. ஷேக்ஸ்பியர் பின்னவர்களைச் சேர்ந்தவர்.

அக்காலத்து இங்கிலாந்தில் நடிகனுக்கு என்ன மதிப்பு? 1572-ல் எலிஸபெத் ராணியின் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம், பிரபு ஒருவரின் ஆதரவில்லாமல் ஊர் சுற்றி நடிப்பவர்களை நாடோடிகள், போக்கிரிகள் வரிசையில் வைத்தது. பிடிபட்டால் சவுக்கடி, அதற்கு மேல், பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் வலது காதில் துளை. ஆகையால் நடிகர் கோஷ்டிகள் யாராவது ஒரு பிரபுவின் பணியாட்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு பிழைத்தன. ஷேக்ஸ்பியரின் கோஷ்டி 1594 முதல் சேம்பர்லேன் பிரபுவின் ஆட்கள் என்றும், 1603-ல் ஜேம்ஸ் அரசர் பட்டத்துக்கு வந்த பின் அரசரின் ஆட்கள் என்றும் வழங்கிற்று. உலகம் போற்றும் மகாகவி, சட்டத்தின் கண்ணில் ஒரு பிரபுவின் வேலைக்காரர்!

வக்கீல் தொழில் பழகிய நமக்கு அவர்கள் சரித்திரத்தில் மிகவும் பிடித்த பகுதி ஒரு குத்தகைத் தகராறு. ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் தச்சுத் தொழிலிலிருந்து நடிப்புக்கு வந்தவர். 1576-ல் லண்டன் நகரெல்லைக்கு வெளியே ஷோர்டிச் என்ற இடத்தில் நாடகத்துக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பினார். அதன் பெயரே 'தியேட்டர்'. நிலம் கைல்ஸ் ஆலன் என்பவருடையது. குத்தகை 21 வருஷம். 1597-ல் கெடு முடிந்தது. அதே வருஷம் பர்பேஜும் இறந்தார். ஆலன் குத்தகையைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்தார். நிலம் அவருடையது, சரி; நிலத்தின் மேல் நிற்கும் மரம் யாருடையது? கட்டடத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ளும் உரிமை குத்தகைதாரருக்கு உண்டென்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. கெடுவோடு அந்த ஷரத்தும் போயிற்று என்பது ஆலனின் கட்சி.

பர்பேஜின் புதல்வர்களான கத்பர்ட்டும் ரிச்சர்டும் இந்த நுட்பத்தை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. ஆலன் ஊரில் இல்லாத கிறிஸ்துமஸ் சமயம் பார்த்து, 1598 டிசம்பர் 28-ந் தேதி, பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரோடும் ஏறக்குறைய ஒரு டஜன் ஆட்களோடும் வந்து, கட்டடத்தை உத்திரம் உத்திரமாகக் கழற்றினார்கள். அந்த மரங்களைத் தேம்ஸ் நதிக்கு அக்கரையில் சேர்த்து 1599-ல் எழுப்பியதுதான் 'குளோப்' நாடகசாலை. ஆலன் 800 பவுன் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அதில் மிதிபட்ட புல்லுக்கென்று 40 ஷில்லிங்! கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கியும் ஒன்றும் பலிக்கவில்லை. அந்தச் சகோதரர்கள் நம்மிடம் கட்சிக்காரர்களாக வந்திருந்தால் இப்படிச் செய்யுங்கள் என்று நாம் யோசனை கூறியிருக்க மாட்டோம். நல்ல வேளையாக நம்மிடம் வரவில்லை.

புதிய சாலையின் பாதிப் பங்கு பர்பேஜ் சகோதரருக்கு. மறுபாதி ஐந்து நடிகர்களுக்கு. ஷேக்ஸ்பியருக்குப் பத்தில் ஒரு பங்கு. ஆடுகிறவர்களே மேடைக்கும் உடையவர்களாக இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உடைமை கிடைத்தாலும் அபாயம் நீங்கவில்லை. 1601-ல் எஸ்ஸெக்ஸ் பிரபுவின் கட்சியார் சிலர் வந்து, ரிச்சர்டு அரசன் முடியிழக்கும் நாடகத்தை ஆட வேண்டுமென்றார்கள். பழைய நாடகம், கூட்டம் சேராது என்று நடிகர்கள் தயங்கினார்கள். வழக்கமான தொகைக்கு மேல் 40 ஷில்லிங் தருவதாகச் சொல்லவே இசைந்தார்கள். (மேற்படி புல்லின் விலையும் இதுவே.) பிப்ரவரி 7-ந் தேதி ஆட்டம் நடந்தது. மறுநாள் எஸ்ஸெக்ஸ் லண்டன் வீதிகளில் கலகத்துக்குக் கிளம்பித் தோற்றார். நடிகர்களின் சார்பில் ஆகஸ்டின் பிலிப்ஸ் என்பவர் விசாரிக்கப்பட்டு, அந்த 40 ஷில்லிங் கணக்கையே வாக்குமூலமாகக் கொடுத்தார். தண்டனை விதிக்கவில்லை. பிப்ரவரி 25-ந் தேதி எஸ்ஸெக்ஸின் தலை வெட்டப்பட்டது. அதற்கு முந்திய நாள் அதே நடிகர்கள் ராணியின் முன்னிலையில் ஆட வேண்டியிருந்தது. அன்று வேஷம் கட்டியவர்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்பதை, போலீஸ் விசாரணை இன்னதென்று அறிந்த நமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கவி தம் நாடகங்களைத் தாமே திரட்டி அச்சிட்டு வைத்துவிட்டுப் போகவில்லை. மரண சாஸனத்தில் தம் தோழர்களான ஜான் ஹெமிங்ஸ், ரிச்சர்டு பர்பேஜ், ஹென்றி காண்டெல் ஆகிய மூன்று நடிகர்களுக்கு ஞாபகார்த்த மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதி வைத்தார். பர்பேஜ் 1619-ல் இறந்தார். எஞ்சிய இருவரும் மோதிரத்தோடு நின்றுவிடவில்லை. 36 நாடகங்களைச் சேர்த்து 1623-ல் பெரிய புஸ்தகமாக வெளிப்படுத்தினார்கள். அவற்றில் 18 அதற்கு முன் அச்சேறாதவை. மாக்பெத், ஜூலியஸ் ஸீஸர், புயல் ஆகியவை அந்தப் பதினெட்டில் சேர்ந்தவை. இரண்டு நடிகர்களின் சிநேகம் இல்லாவிடில் இவை நமக்குக் கிடைத்திரா என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. பண்டிதர்களின் உரைகள் எல்லாம் பிறகு வந்தவை.

நடிகனைப் புறக்கணிக்கும் பாவத்தில் நமக்கும் பங்குண்டு. கூத்தாடி என்ற சொல்லை வசவாக்கியவர்கள் நாம். அந்த மனோபாவம் நிலவிய காலத்தில், 1891-ல் சென்னையில் சுகுண விலாஸ சபையை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியார், வக்கீலாகவும் பின்னர் நியாயாதிபதியாகவும் இருந்துகொண்டே தாமும் வேஷம் கட்டினார். ஹாம்லெட்டை அமலாதித்தனாகவும், வெனிஸ் வர்த்தகனை வாணீபுர வணிகனாகவும் தமிழில் பேச வைத்தார். கலாசாலைகள் பாடமாக்கியதை அவர் மேடைக்குத் திருப்பித் தந்தார்.

இங்கிலாந்திலோ 1642-ல் பார்லிமெண்டின் கட்டளையால் நாடகசாலைகள் மூடப்பட்டன. 1613-ல் பீரங்கி வேட்டினால் கூரை தீப்பற்றி எரிந்து மறுபடி கட்டப்பட்டிருந்த குளோப்பும் சில ஆண்டுகளில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. உலகில் பாதியை ஆண்ட சாம்ராஜ்யம், தன் தலைசிறந்த கவியின் மேடையைத் திரும்ப எழுப்பவில்லை. அந்தக் காரியத்துக்கு ஓர் அமெரிக்க நடிகர் வர வேண்டியிருந்தது.

ஸாம் வானமேக்கர் 1919-ல் சிக்காகோவில் பிறந்தவர். 1949-ல் முதல்முதலாக லண்டனுக்கு வந்து குளோப் எங்கே என்று தேடினார். ஒரு சாராய ஆலையின் சுவரில் கறுத்துப்போன வெண்கலப் பலகை ஒன்றுதான் கிடைத்தது. அமெரிக்காவில் பொதுவுடைமைக்காரரென்று சந்தேகிக்கப்பட்ட கலைஞர்களுக்கு வேலையில்லாமற் செய்த காலம் அது. அவர் பெயரும் அப்பட்டியலில் ஏறவே, இங்கிலாந்திலேயே தங்கினார். 1970-ல் குளோப்பை மீண்டும் கட்டுவதற்கென ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். நன்கொடைக்காக அவர் தட்டாத கதவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று நகைத்தவர்களும் உண்டு. உள்ளூர் நகரசபை, முன்னர் சம்மதித்த நிலத்தைத் தர மறுத்தது. ஏழைத் தொழிலாளருக்கு வீடு வேண்டிய இடத்தில் நாடகக் கொட்டகை எதற்கு என்ற வாதம் எழுந்தது. நாமும் அதை அற்பமென்று தள்ளமாட்டோம். வழக்கு 1986-ல் நாடகசாலைக்குச் சாதகமாக முடிந்தது. குளோப்புக்கும் நில வழக்குக்கும் அப்படியொரு பூர்வஜன்ம பந்தம் போலும்!

ஓக் மரங்களை மர ஆணிகளாலேயே இணைத்து, 1666-ம் வருஷத்து மகா தீக்குப் பிறகு லண்டனில் எங்கும் அனுமதிக்கப்படாதிருந்த நாணல் கூரையும் வேய்ந்து, பழைய இடத்துக்குச் சில நூறு அடி தூரத்தில் 1997-ல் புதிய குளோப் திறக்கப்பட்டது. வானமேக்கர் அதைக் காணவில்லை. 1993 டிசம்பரில் மறைந்துவிட்டார். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒரு பென்னி கொடுத்துத் தரையில் நின்று பார்த்த ஏழை ஜனங்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு அந்தச் சாலையே சாட்சி. திறந்தபோது, நின்று பார்ப்பவர்களுக்குக் கட்டணம் 5 பவுன்தான். நெடுங்காலம் அதை உயர்த்தவும் இல்லை.

2012-ல் அம்மேடையில் 37 நாடகங்கள் 37 பாஷைகளில் ஆடப்பட்டன. சுதந்திரம் பெற்று ஒரு வருஷமே ஆகியிருந்த தென் சூடான் நாட்டு நடிகர்கள் தங்கள் ஜூபா அரபியில் ஸிம்பலினை ஆடினார்கள். ஹிந்தியும் குஜராத்தியும் வங்காளியும் அங்கே ஒலித்தன. தமிழ் இல்லை. இதற்கு ஆங்கிலேயரை நொந்து பயனில்லை.

இன்னொருவரைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1807-ல் நியூயார்க்கில் பிறந்த நீக்ரோ நடிகர். தாய்நாட்டில் தம் நிறத்தவனுக்குப் பெரிய மேடை கிடையாதென்று பதினேழு வயதளவில் கப்பலேறினார். 1833-ல் லண்டன் கோவென்ட் கார்டன் மேடையில், ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருக்கும்போதே எட்மண்ட் கீன் என்னும் பெருநடிகர் நோயால் சாய்ந்தார். அந்த வேஷம் சில நாளில் ஆல்ட்ரிட்ஜுக்கு வந்தது. அடிமை ஒழிப்பைப் பற்றி பார்லிமெண்டு அப்போதுதான் விவாதித்துக்கொண்டிருந்தது. கறுப்பு மனிதனின் கை வெள்ளை நடிகையின் மேல் படுவதா என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்ததாகையால் வெட்கத்துடனேயே குறிப்பிடுகிறோம். இரண்டே இரவில் ஆட்டம் நின்றது. அதே வேஷத்தை 1987-ல், நிறவெறிச் சட்டம் அமலில் இருந்த ஜோகானஸ்பர்க் நகரில், ஜான் கானி என்ற ஆப்பிரிக்க நடிகர் ஏற்று நடித்தார். அப்போதும் முணுமுணுப்பு எழாமலில்லை.

ஆல்ட்ரிட்ஜ் லண்டனின் தயவை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. சிற்றூர்களில் ஆடினார். 1852 முதல் ஐரோப்பாவெங்கும் ஆடினார். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு லியர் அரசனாகவும் ஷைலாக்காகவும் நின்றார். ஜெர்மனியிலும் ருஷ்யாவிலும், அவர் பேசிய பாஷை புரியாத ஜனங்களே அவரை மன்னர்போல் கொண்டாடினார்கள். 1867 ஆகஸ்டில் போலந்து தேசத்து லோட்ஸ் நகரில், சுற்றுப் பிரயாணத்தின் நடுவில் உயிர் நீத்தார். கல்லறைக்குக் கல் நாட்ட 23 வருஷம் பிடித்தது. அந்தக் கல்லறையைப் பராமரித்து வருபவர்கள் போலந்து நாட்டு நடிகர் சங்கத்தார்.