நிற்கத் தெரிந்த வண்டியே ஓடத் தக்கது

ஜபல்பூரில் சில ஆண்டுகளேனும் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தார்க்கு ‘ஜோங்கா’ என்னும் பெயரை விளக்க வேண்டுவதில்லை. ஏனையோர்க்கு மட்டும் இரண்டொரு சொற்கள் கூறி மேலே செல்வோம். ஜப்பானிய நிஸ்ஸான் நிறுவனத்தாரின் ‘பேட்ரோல்’ வண்டியின் அமைப்பைத் தழுவி, அவர்களுடைய உரிமத்துடன், நம் இராணுவத்திற்காக இந்நகரிலே செய்யப்பட்ட நான்கு சக்கர இயக்க வண்டி அது. ‘ஜபல்பூர் ஆர்டனன்ஸ் அண்டு கன்கேரேஜ் அசெம்பிளி’ என்னும் நீண்ட தொடரின் சுருக்கமே அதன் பெயராயிற்று. ஆறு சிலிண்டர்களும் ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளளவும் உடைய பெட்ரோல் இயந்திரம். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் தாங்கிய கனத்த அச்சுகள். அலங்காரம் ஏதுமற்ற இரும்பு உடல். 1969-இல் நிறுவப்பட்ட வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த இவ்வண்டியின் உற்பத்தி 1999-இல் முடிவுற்றது. 2021 அக்டோபர் முதல் அத்தொழிற்சாலை, நமது ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் இயங்கி வருகின்றது.

எங்கள் தந்தையார் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து புறப்பட்டு வந்து, 1969-ஆம் ஆண்டிலேயே அத்தொழிற்சாலையில் சேர்ந்து, 2006-இல் ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஜோங்காக்கள் அவர் கைபட்டு வெளியேறின. ஆயினும் ஒன்றிலேனும் அவர் தம் குடும்பத்தை ஏற்றிச் சென்றதில்லை. அக்குறையைத் தீர்க்க எண்ணியே, இராணுவம் கழித்து ஏலத்தில் விற்ற ஒரு வண்டியை, முறையாகப் பதிவு செய்யப்பட்ட பின்னர் ஒரு வியாபாரியிடமிருந்து 2018-இல் நாங்கள் சகோதரர் இருவரும் வாங்கினோம். அதனைச் செப்பனிட்ட வரலாற்றையும், அதில் நாங்கள் செய்த பிழையையும் மறைக்காமல் இங்கே எழுதுகின்றோம். பழைய வண்டி வாங்கும் ஆசையுள்ள குடும்பங்கள் நம்மிடையே பல இருப்பதால் இது பயன்படக் கூடும்.

வண்டி வந்த நாளிலிருந்தே எங்கள் கண் அதன் உயரத்தின் மேல் சென்றது. கல்லும் பள்ளமும் உள்ள பாதைகளில் செல்ல வேண்டுமானால் வண்டி உயர்ந்திருத்தல் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆகவே ஸ்பிரிங் பட்டைகளை உடற்சட்டத்துடன் பிணைக்கும் ஷேக்கிள்களை நீளமாக்கினோம். முன்னதைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிய டயர்களைப் பூட்டினோம். முகப்பிலே கனத்த இரும்புத் தடுப்பு ஒன்றையும் நான்கு விளக்குகளையும் அமைத்தோம். புது வர்ணமும் பூசியாயிற்று. வண்டி கம்பீரமாக நின்றது.

தந்தையார் சுற்றி வந்து பார்த்தார். “நன்றாக ஓடுகிறது, அப்பா” என்றோம். “ஓடும். கெட்டியான இயந்திரம் அது. நிற்கிறதா என்று பார்த்தீர்களா?” என்றார். பிரேக்கை மிதித்தால் நிற்கிறது என்று சொன்னோம். “சமதரையில் எல்லா வண்டியும் நிற்கும்” என்று மட்டும் கூறி உள்ளே சென்றுவிட்டார். அவர் ஏறவும் இல்லை. நாங்கள் அச்சொல்லை ஆராயவும் இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் சகோதரியையும் அவளுடைய குழந்தைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு பச்மடிக்குச் சென்றோம். சாத்புரா மலைமேல் ஏறத்தாழ 1,067 மீட்டர் உயரத்தில் உள்ளது அவ்வூர். ஏறும்போது ஒரு குறையும் தோன்றவில்லை. திரும்பும்போது, மட்குலி நோக்கி இறங்கும் வளைவுகளில், பிரேக்கை அடிக்கடி மிதித்தவண்ணமே வந்தோம். பாதித் தொலைவு கடந்ததும் மிதி சற்றே ஆழமாக இறங்கலாயிற்று. அடுத்த வளைவில் அது தரையைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

கியரைக் கீழே மாற்றி, கை பிரேக்கையும் இழுத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசவிட்டோம். ஒரு பக்கம் முழுதும் நசுங்கி நின்றது. சகோதரியின் சிறுவனுக்கு நெற்றியில் நான்கு தையல்கள் போட வேண்டியதாயிற்று. வேறு தீங்கு நேரவில்லை என்பது எங்கள் திறமையன்று. மண்மேடு அவ்விடத்தில் இருந்தது, அவ்வளவே.

வண்டியை இழுத்து வந்து வீட்டின் முன் நிறுத்திய மறுநாள் தந்தையார் தாமே ஸ்பானரை எடுத்தார். பழி ஒன்றும் சொல்லவில்லை. பிழை எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்பொழுது அத்திரவம் கொதித்து ஆவியாகின்றது. திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது. ஆவியையோ எளிதில் அழுத்தலாம். ஆதலால் மிதித்த வலிமை சக்கரத்தைச் சென்று சேராமல் மிதி மட்டும் கீழே போய்விடுகின்றது. மேலும், சூடேறிய டிரம் விரிந்து பிரேக் கட்டைகளை விட்டு விலகும்; கட்டைகளின் பிடிப்பும் தளரும். எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்ச் சுற்று. ஓரிடத்தில் கெட்டால் எங்கும் கெட்டது போலத்தான்.

நாங்கள் செய்த மாற்றங்கள் இக்கேட்டைப் பெருக்கின. டயர் பத்தில் ஒரு பங்கு பெரிதானால், அதே பிரேக் தரும் தடுப்பு வலிமை ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிடும். வேகமானி 50 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 55-இல் செல்லும். ஷேக்கிளை நீட்டியதால் முன் அச்சின் சாய்வுக் கோணம் மாறி, ஸ்டீயரிங் நேரே நில்லாமல் அலைந்தது. பிரேக்கின் ரப்பர் குழாயும் இழுபட்டு விறைத்திருந்தது. இத்தனைக்கும் பின் கிடைத்த ஆதாயம் என்ன? பாதையிலுள்ள கல் முதலில் இடிப்பது அச்சின் நடுவேயுள்ள டிஃபரன்ஷியல் கூட்டில். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல் உயருமேயன்றி அக்கூடு ஓர் அங்குலமும் உயராது. அதனை உயர்த்துவது டயர் ஒன்றே. இதை அறியாமலே உயரத்திற்குச் செலவிட்டிருந்தோம்.

செப்பனிடும் வேலையைத் தந்தையார் வகுத்த வரிசையிலேயே செய்தோம். முதலாவது பிரேக். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், கட்டைகள் யாவும் புதியன. திரவம் முழுவதையும் மாற்றி, தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை நீக்கினோம். இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது என்பது அன்றுமுதல் எங்கள் வீட்டு விதி.

இரண்டாவது ஸ்டீயரிங். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கைகொடுத்து அசைத்தால், பேரிங்குகளின் தேய்வு கையிலே தெரிந்துவிடும். டை ராடின் முனைகளையும் அவ்வாறே சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றினோம்.

மூன்றாவது ஸ்பிரிங். இங்குள்ள மிஸ்திரிகள் இதனைக் ‘கமானி’ என்பர். நீண்ட ஷேக்கிளைக் கழற்றியெறிந்து பழையதையே பூட்டினோம். முறிந்திருந்த பட்டையை மாற்றி, தளர்ந்தவற்றைப் பட்டறையில் மீண்டும் வளைத்து வாங்கினோம். இறுக்கிய யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் இறுக்குதல் வேண்டும். புதிய பட்டைகள் அமைந்து படியும்போது அவை தளரும்.

இவற்றின் பின்னரே இயந்திரம். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு நீக்கினோம். 2025-இல் பெட்ரோலில் 20 சதவிகித எத்தனால் என்ற நிலையை நாடு எட்டிய பின்பு, எரிபொருள் குழாய்களையும் கார்புரேட்டரின் ரப்பர் உறுப்புகளையும் அதனைத் தாங்க வல்லவையாக மாற்றினோம். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி மென்மையாகிக் கசியும். சூடான இயந்திரத்தின் மேல் பெட்ரோல் கசிவது வீட்டிலே நெருப்பை வைப்பதற்கு ஒப்பாகும். டயர்களும் பழைய அளவுக்கே திரும்பின.

இனிச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நாங்கள் பெருமையுடன் பூட்டிய முகப்புத் தடுப்பு தகாதது என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. எங்கள் விபத்துக்கு அடுத்த மாதமே, 2019 ஜனவரியில், உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமோ, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகின்றது. லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டரே தரும் ஜோங்காவுக்கு டீசல் இயந்திரம் பூட்டும் எண்ணம் பலருக்கு எழும். அதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதியும் பதிவுச் சான்றில் குறிப்பும் வேண்டும். இல்லையேல் விபத்து நேருங்கால் காப்பீட்டுத் தொகைக்கும் இடர் வரலாம்.

உயரமின்றிக் கரடுமுரடான பாதையில் எவ்வாறு செல்வது எனில், பெரும்பகுதி ஓட்டும் முறையிலேதான் இருக்கின்றது. நருமதைப் பள்ளத்தாக்கின் கறுப்பு மண் எங்கள் ஊர்க் கரிசலுக்கு உறவு. மழையில் டயரின் இடுக்குகளை அடைத்து வழுக்கும். அப்போது டயரின் காற்றை 35 பவுண்டிலிருந்து 20 அல்லது 22-க்குக் குறைத்தால், டயர் அகன்று படிந்து பிடிப்புப் பெறும். மெதுவாகவே செல்ல வேண்டும். தார்ச்சாலை வந்ததும் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தை மண்ணில் மட்டும் பூட்டுக. உலர்ந்த தார்ச்சாலையில் பூட்டினால், வளைவுகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தொலைவு உருள்வதால் பற்சக்கரங்கள் முறுக்குண்டு தேயும். ஓடையைக் கடக்குமுன் ஒருவர் நடந்து ஆழம் பார்த்தல் வேண்டும். நீரின் இழுப்புக் காலைத் தள்ளுமானால் திரும்பிவிடுதலே அறிவு. கடந்த பின் பிரேக்கை இலேசாக மிதித்தபடி சிறிது தூரம் சென்று டிரம்மை உலர்த்துக. வீடு திரும்பியதும் டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்தது என்று பொருள். இறக்கத்தில், எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குக. இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும், பிரேக் இளைப்பாறட்டும்.

வேலை முடிந்த நாளில் தந்தையாரை அழைத்தோம். வண்டியை ஒரு சரிவில் ஏற்றி, பாதியில் நிறுத்தச் சொன்னார். நின்றது. இறக்கி, மறுபடியும் நிறுத்தச் சொன்னார். ஐந்தாறு முறை இவ்வாறு சோதித்த பின்னரே முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார். அன்று பர்கி அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய மண் பாதையில் சென்று வந்தோம். நெற்றியில் தழும்புள்ள சிறுவன் அவர் பக்கத்திலே அமர்ந்து, ஒவ்வொரு லீவரையும் காட்டி, “இது எதற்கு, தாத்தா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவரும் சலிக்காமல் விடை கூறிவந்தார். தாம் செய்த வண்டியைத் தம் வீட்டாருக்கு விளக்கும் வாய்ப்பு அவருக்கு அன்றுதான் கிடைத்தது என்பது எங்களுக்குப் பின்னரே தோன்றிற்று.

பழைய வண்டி வாங்குவோர் வர்ணத்திற்கும் உயரத்திற்கும் ஒதுக்கும் பணத்தை முதலில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஒதுக்குக. எஞ்சியது இருந்தால் அழகு பார்க்கலாம். வீட்டிலே அத்தொழில் அறிந்த பெரியவர் ஒருவர் இருந்து, “நிற்கிறதா?” என்று கேட்பாராயின், அக்கேள்விக்கு விடை கண்ட பின்னரே குழந்தைகளை வண்டியில் ஏற்றுக. நாங்கள் நான்கு தையல்களின் விலையில் கற்றதைப் பிறர் விலையின்றியே பெறுக என்பதே எங்கள் விருப்பம்.